பத்து வயதில் சேர்த்தால் தாமதமா? ஜிம்னாஸ்டிக்ஸ் வயது வரம்பு, புதிதாக வரும் பெற்றோருக்கு

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் போன், போனில் ஜிம்னாஸ்ட் நாடியா கொமனெச்சியின் பழைய வீடியோ. "பாரும்மா, பதினாலு வயசுல உலகத்தையே ஜெயிச்சிருச்சு இந்தப் பொண்ணு. நம்ம சின்னவளுக்கு டிசம்பர் வந்தா பத்து. இனிமே சேர்த்தா லேட்டுதானே?" என்று கேட்டார்.

லேட் இல்லை அக்கா என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. ஓட்டப்பந்தயம், கபடி, பந்து என்றால் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ், நம் பத்திரிகைகள் சீருடற்பயிற்சி என்று எழுதுவது, அதற்கு ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், அங்கே போய் நிற்கும்போது எதைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் நிற்போம். என் மகளை ஏழு வயதில் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தேசிய அணியில் இல்லை, மாநிலப் பள்ளிப் போட்டி வரை ஆடியவள், இப்போது படிவம் 3. இத்தனை வருடத்தில் வயது விஷயத்தில் நான் தெரிந்துகொண்டதை அக்காவிடம் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கேளுங்கள்

எல்லாம் ஒன்று மாதிரி தெரியும், ஆனால் வேறு வேறு. பீம் (ஒடுக்கமான உத்தரம்), வால்ட் (ஓடிவந்து தாவும் மேசை), கம்பி, தரை என்று ஆடுவது ஆர்ட்டிஸ்டிக். ரிப்பன், வளையம், பந்து வைத்து ஆடுவது ரிதமிக், நம் பள்ளிகளில் அதை கிம்ராமா என்பார்கள், அது பெண் பிள்ளைகளுக்கு. பையன்களுக்கு ஆர்ட்டிஸ்டிக்கில் ஆறு கருவிகள், பெண்களுக்கு நான்கு. வயது வரம்பும் இதைப் பொறுத்துதான் மாறும், அதனால் வகுப்பில் சேர்க்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ரிதமிக் என்று நினைத்து ஆர்ட்டிஸ்டிக்கில் பணம் கட்டிவிட்டு மூன்று மாதம் கழித்து, "ரிப்பன் எப்போ கொடுப்பீங்க?" என்று கேட்ட ஒரு அப்பாவை எனக்குத் தெரியும்.

இப்போது ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து மேசைமேல் வையுங்கள்

அக்காவை நான் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான். பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆகவில்லை என்றால் மைகிட், ஆகிவிட்டது என்றால் மைகார்டு. அதில் உள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். அக்காவின் மகளுக்கு 161208 என்று தொடங்கி, அடுத்து பேராக்குக்கு உரிய 08. அந்த முதல் 16தான் பிறந்த வருடம், 2016. உலக அளவிலான பெரியவர் போட்டிக்கு உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டு இலக்கம் மட்டும்தான். மாதமும் தேதியும் இந்தக் கணக்கில் வராது.

விதி இதுதான். ஒலிம்பிக், உலகச் சாம்பியன்ஷிப் மாதிரியான சீனியர் போட்டியில் பெண்கள் ஆர்ட்டிஸ்டிக்கில் ஆட வேண்டுமென்றால், அந்தப் போட்டி நடக்கும் வருடத்தில் பிள்ளைக்கு 16 வயது நிறைய வேண்டும். ரிதமிக்கிலும் 16தான். பையன்கள் ஆர்ட்டிஸ்டிக்கில் 18. "அந்த வருடத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். போட்டி நடக்கும் அன்றைக்கே 16 ஆகியிருக்க வேண்டியதில்லை. டிசம்பர் 31ஆம் தேதி பிறந்தநாள் என்றாலும் அந்த வருடம் ஜனவரியிலேயே ஆடலாம்.

அதனால் கணக்கு ரொம்பச் சுலபம். ஐசியின் முதல் இரண்டு இலக்கத்தோடு பெண் என்றால் 16, பையன் என்றால் 18 கூட்டுங்கள். 16ஓடு 16 கூட்டினால் 32. அக்காவின் மகள் 2032இல் சீனியர். 2032இல் எங்கே ஒலிம்பிக்? ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில். ஒலிம்பிக் நடக்கும்போது அவளுக்கு வயது 15தான் இருக்கும், பிறந்தநாள் டிசம்பரில்தானே. ஆனாலும் இப்போதுள்ள விதிப்படி அவளுக்கு இடம் உண்டு. அதுவே நாலு வாரம் தள்ளி 2017 ஜனவரியில் பிறந்திருந்தால் 33, அந்த ஒலிம்பிக்குக்கு வயது போதாது, அடுத்தது 2036.

இது கணக்குப் பாடத்துக்காகப் போட்ட உதாரணம் இல்லை, நிஜமாகவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கைலா ராஸ் பிறந்தது 1996 அக்டோபர். சிமோன் பைல்ஸ் பிறந்தது 1997 மார்ச். இரண்டு பேருக்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தபோது இருவருக்கும் வயது 15தான். ஆனால் கைலாவுக்கு அந்த வருடம் முடிவதற்குள் 16 ஆகும், சிமோனுக்கு ஆகாது. கைலா லண்டனில் அணித் தங்கம் வாங்கினார், சிமோன் வீட்டில் இருந்தார். அப்புறம் 2013இல் சீனியராக வந்து அந்த வருடமே உலகச் சாம்பியன் ஆனார், 2016 ரியோவில் 19 வயதில் நான்கு தங்கம், 2024 பாரிஸில் 27 வயதில் மறுபடியும் ஆல் ரவுண்ட் (எல்லாக் கருவியும் சேர்ந்த) தங்கம். ஒரு ஒலிம்பிக் தவறிப்போனால் எல்லாம் முடிந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மேல் எல்லையும் கீழ் எல்லையும்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் குழம்புவது இங்கேதான், நானும் குழம்பினேன். பள்ளிப் போட்டியில் நாம் பார்ப்பது மேல் எல்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எம்எஸ்எஸ்எம் (மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம்) வரை போகும் போட்டிகளில் பொதுவாக 12 வயதுக்குக் கீழ், 15 வயதுக்குக் கீழ், 18 வயதுக்குக் கீழ் என்று பிரிப்பார்கள். அதாவது இந்த வயதைத் தாண்டினால் ஆட முடியாது. உலகச் சீனியர் போட்டியில் இருப்பது கீழ் எல்லை, அந்த வயது வராமல் ஆட முடியாது. ஒன்று பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையோடு மோதாமல் இருப்பதற்கு, மற்றது சின்னப் பிள்ளையைப் பெரியவர்கள் களத்தில் இறக்காமல் இருப்பதற்கு.

அப்படியென்றால் 16 வரை வெளிநாட்டுப் போட்டியே கிடையாதா? உண்டு. ஜூனியர் பிரிவு இருக்கிறது. முதல் ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப் 2019இல் ஹங்கேரியின் கியோர் நகரத்தில் நடந்தது, அதில் பெண்கள் 14, 15 வயதுக்காரர்கள், பையன்கள் 15 முதல் 17 வரை. அதே வருடம் மாஸ்கோவில் நடந்த ரிதமிக் ஜூனியருக்கு 13 முதல் 15. ஆகவே 13, 14 வயதில் நன்றாக ஆடும் பிள்ளைக்கும் போக இடம் இருக்கிறது.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கே உரிய விஷயம். வகுப்பை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் இருந்து போகும் பிள்ளைகளில் பலர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டுத்தான் படிவம் 1 போகிறார்கள். கூடப் படிக்கிறவளைவிட ஒரு வயது கூடுதலாக இருக்கும். "அவளும் படிவம் 2, இவளும் படிவம் 2, அவளுக்கு மட்டும் எப்படி 15 வயதுக்குக் கீழ் பிரிவில் அடுத்த வருடமும் இடம்?" என்று ஒரு அம்மா ஆசிரியரிடம் கோபப்பட்டதை நேரில் பார்த்தேன். பார்ப்பது ஐசியில் உள்ள வருடத்தை, வகுப்பை அல்ல.

ஏன் இந்த விதி வந்தது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் விதியின் காரணம் புரிந்தால்தான் பயிற்சியாளரோ சொந்தக்காரரோ அவசரப்படுத்தும்போது தைரியமாக வேண்டாம் என்று சொல்ல முடியும்.

1896இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது, கிரேக்க அணியில் டிமிட்ரியோஸ் லூண்ட்ராஸ் என்ற பத்து வயதுப் பையன் பேரலல் பார்ஸ் (இணைக் கம்பிகள்) அணிப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கினான். பத்து வயது! அப்புறம் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் வளர்ந்தது. 1976 மான்ட்ரியாலில் ருமேனியாவின் நாடியா, 14 வயது, கம்பியில் ஆடி 10க்கு 10 வாங்கினார், அந்தப் பலகையில் 10.00 காட்ட வசதியே இல்லாததால் 1.00 என்று காட்டியது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்த வீடியோ அதுதான். அப்போது குறைந்தபட்ச வயதே 14தான், ஆகவே நாடியா விதிப்படிதான் ஆடினார். 1981இல் அதை 15 ஆக்கினார்கள். 1997இல் 16 ஆக்கினார்கள். அதாவது அன்று நாடியா ஆடியது போல இன்றைக்கு எந்தப் பிள்ளையும் 14 வயதில் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆட முடியாது. அக்காவிடம் இதைச் சொன்னபோது போனைக் கீழே வைத்துவிட்டார்.

16 ஆவதற்கு முந்தைய கடைசி ஒலிம்பிக் 1996 அட்லாண்டா. அமெரிக்க அணியில் டொமினிக் மோச்சியானு என்ற 14 வயதுச் சிறுமி இருந்தார். முழங்காலுக்குக் கீழ் எலும்பில் விரிசல் கண்ட காலோடு அவர் அங்கே ஆடினார். வால்ட்டில் இரண்டு தடவையும் விழுந்தார். பீம் இறுதிப் போட்டியில் தலை பீமில் மோதியது, எழுந்து மீதியையும் ஆடி முடித்தார். அணிக்குத் தங்கம் கிடைத்தது உண்மைதான். ஆனால் நான் ஒரு அம்மாவாக அந்த வீடியோவைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது அந்த 14 வயதுத் தலைதான்.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும், எலும்பு நீளமாவது அங்கிருந்துதான், முழு எலும்பைவிட அது மென்மையானது. ஜிம்னாஸ்டிக்ஸில் கையையே காலாக ஊன்றித் தாவுகிறோம், இறங்கும்போது உடம்பு எடையைப்போல் பல மடங்கு பாரம் மணிக்கட்டிலும் முழங்காலிலும் இடுப்பிலும் விழுகிறது. அதோடு சாப்பாட்டைக் குறைத்து, எடையைக் குறைத்து, வயதுக்கு வருவதையே தள்ளிப்போடும் அளவுக்குச் சில பிள்ளைகளைப் பழக்கினார்கள். சின்ன உடம்பு காற்றில் வேகமாகச் சுழலும் என்பதால் சின்னப் பிள்ளைகளையே தேடிப் போகும் பழக்கம் இருந்தது. இதற்கெல்லாம் ஒரு அணை போடத்தான் வயதை ஏற்றினார்கள்.

அந்த அணை போட்டதால் விளையாட்டு கெட்டுவிட்டதா? உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினாவைப் பாருங்கள். 1975இல் பிறந்தவர். 1992இல் முதல் ஒலிம்பிக், டோக்கியோவில் எட்டாவது ஒலிம்பிக், அப்போது வயது 46. 33 வயதில் ஜெர்மனிக்காக வால்ட்டில் வெள்ளி வாங்கினார். நம் ஃபரா ஆன் அப்துல் ஹாடி டோக்கியோவில் மலேசியாவுக்கு ஆடியபோது அவருக்கு 27 வயது. 27 வயதில்! அக்கா இதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மற்ற விளையாட்டுகளும் இதே வழியில் வருகின்றன. 2022 பெய்ஜிங்கில் ரஷ்யாவின் 15 வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்த பிறகு, பனிச்சறுக்கு நடனத்தில் (ஃபிகர் ஸ்கேட்டிங்) சீனியர் வயதை 15இல் இருந்து படிப்படியாக 17க்கு ஏற்றிவிட்டார்கள். டைவிங்கில் இன்னும் 14தான், சீனாவின் சுவான் ஹோங்சான் அந்த வயதில்தான் டோக்கியோவில் தங்கம் வாங்கினார். மேசைப்பந்தில் சிரியாவின் ஹெந்த் சாசா 12 வயதில் டோக்கியோவில் ஆடினார். ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் சம்மேளனம்தான் வயதைத் தீர்மானிக்கிறது, ஒலிம்பிக்குக்கு என்று எல்லாருக்கும் பொதுவான ஒரே வயது கிடையாது. ஆகவே நீச்சல்காரப் பிள்ளையின் அம்மா சொல்லும் வயதை நம் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பத்திரங்கள், இதில் விளையாட வேண்டாம்

"ஒரு வருஷம் முன்ன பின்ன போட்டுக்கலாம்மா, யார் பார்க்கப் போறா?" என்று என்னிடமே ஒருவர் சொன்னார், யார் எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். நம் ஐசி எண்ணே பிறந்த தேதிதான், அதை மாற்ற வழியில்லை, மாற்ற நினைப்பதும் குற்றம். ஆனால் உலகத்தில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், கடைசியில் பாரம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

வட கொரியாவின் கிம் குவாங் சுக் 1991இல் உலகச் சாம்பியன். மூன்று வருடம் தொடர்ந்து 15 வயது என்றே அவரைப் பதிவு செய்திருந்தார்கள். மாட்டிக்கொண்டதும் அந்த நாட்டையே 1993 உலகப் போட்டியில் இருந்து விலக்கிவிட்டார்கள். சீனாவின் டாங் ஃபாங்சியாவ் 2000 சிட்னியில் அணி வெண்கலம் வாங்கியவர், அவருடைய பதிவில் பிறந்த வருடம் 1983. எட்டு வருடம் கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அதிகாரியாக வேலை செய்தபோது கொடுத்த பத்திரத்தில் 1986. அந்த ஒரு தாளால் சிட்னியில் அவருக்கு 14 வயதுதான் என்று தெரிந்தது. 2010இல் பதக்கத்தைத் திரும்ப வாங்கி அமெரிக்காவுக்குக் கொடுத்தார்கள், கூட ஆடிய மற்றப் பெண்களும் சேர்ந்து இழந்தார்கள். ருமேனியாவின் டேனியலா சிலிவாஷ் 1985இல் பீமில் உலகத் தங்கம் வாங்கியபோது அவருக்கு உண்மையில் 13 வயது, தன் பிறந்த வருடத்தை 1972இல் இருந்து 1970 ஆக மாற்றிவிட்டார்கள் என்று 2002இல் அவரே சொன்னார். மூன்று கதையிலும் பத்திரத்தில் கை வைத்தது பெரியவர்கள், பேர் கெட்டது பிள்ளைகளுக்கு.

இதற்குப் பிறகு, 2009 முதல் எஃப்ஐஜி என்ற உலகச் சம்மேளனம் ஒவ்வொரு வீராங்கனைக்கும் லைசென்ஸ் என்று ஒன்றைக் கட்டாயமாக்கியது. சம்மேளனத்தின் அதிகாரப்பூர்வமான வெளிநாட்டுப் போட்டியில் ஆட வேண்டுமென்றால் அது வேண்டும், நாமாக விண்ணப்பிக்க முடியாது, தேசிய சம்மேளனம் வழியாகத்தான் போகும், பிறந்த தேதிக்குக் கடப்பிதழ்தான் சான்று.

சரி, நேர்மையாக இருக்கிற நமக்கு என்ன வேலை என்றால், பத்திரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது. நம் தோட்டப்புறத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, பிறப்பைப் பதிவு செய்யாமல் தள்ளிப்போடுவது, இல்லையென்றால் பேரை யாரோ சொல்ல யாரோ எழுதுவது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், தமிழ்ப்பள்ளிப் பதிவில் வேறு. பிறப்புப் பத்திரமே இல்லாமல், குடியுரிமைக்கு அலையும் குடும்பங்களும் நம் பக்கத்தில் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு திறமை இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, அதை நினைத்தால் மனம் கனத்துப் போகிறது. அப்படி ஒரு பிள்ளை உங்களுக்குத் தெரிந்தால் விளையாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக அனுப்பாதீர்கள்.

எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். மகளுக்குப் பதினொன்று ஆகும் வருடம், ஒரு அழைப்புப் போட்டி. காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் நிற்கிறோம், தலையைப் படிய வாரி, கொண்டை போட்டு, ஜெல் பூசி, பதினாறு ஊசி குத்தி முடித்தாயிற்று. பதிவு மேசையில் இருந்தவர் பட்டியலையும் மைகிட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். பட்டியலில் ஏப்ரல் 11, மைகிட்டில் நவம்பர் 4. படிவத்தில் நான் 04/11 என்று எழுதியிருந்தேன், தட்டச்சு செய்தவர் மாதத்தை முதலில் படித்துவிட்டார். பேரில் வேறு, அப்பா பேரைக் குடும்பப் பேர் என்று எடுத்து முன்னால் போட்டு, இடையில் இருந்த ஏபியை (மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) மகளின் பேரோடு ஒட்டவைத்திருந்தார்கள். வருடம் ஒன்றுதான், பிரிவு மாறாது, ஆனாலும் இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. உடம்பைச் சூடுபடுத்தும் நேரம் முழுவதும் போய்விட்டது. அவள் அழவில்லை, கை வழுக்காமல் இருக்கப் பூசிய சாக்குத் தூளைத் தேய்த்துக்கொண்டே நின்றாள், உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் படிவத்திலும் மாதத்தை எழுத்தால்தான் எழுதுகிறேன், 4 நவம்பர் 2011 என்று. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

16 வரை காலம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் எட்டு வயதுப் பிள்ளையை வாரத்துக்கு ஆறு நாள் வரச் சொல்லும் இடங்கள் உண்டு. விளையாட்டு மருத்துவர்கள் பலர் பொதுவாகச் சொல்லும் ஒரு அளவு இருக்கிறது: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம். உச்சத்துக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள், ஆனால் தாண்டும்போது தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்ட வேண்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் வலது மணிக்கட்டு வலித்தது. பயிற்சியாளர் ஒருவர், "எல்லாருக்கும் வரும், டேப் போட்டா சரியாயிடும்" என்றார். நானும் டேப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து காரில் வரும்போது தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் பற்களால் மூடியைக் கடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்று பாட்டிலைப் பின்னால் ஒளித்தாள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம், மணிக்கட்டின் வளர்ச்சிக் குருத்தெலும்பு பாதிக்கப்பட்டிருந்தது. கை ஊன்றும் எதையும் ஆறு வாரம் தொடக்கூடாது என்றார் டாக்டர். அந்த ஆறு வாரமும் அவள் பள்ளிவிட்டு வந்து காலை நீட்டி வளைத்து, கூடத்தில் ஒட்டிய டேப் கோட்டில் பீம் மாதிரி நடந்து பழகினாள். திரும்பிப் போனபோது அவளுடைய பீம்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது.

வலி என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், சொல்லாமல் இருந்தால் பாட்டில் மூடியைப் பாருங்கள். கீழ் முதுகு வலி பின்னால் வளையும்போது மட்டும் வருகிறது என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். எடையைக் குறை என்று பிள்ளையிடம் யாராவது சொன்னால், அது டாக்டராக இல்லாத பட்சத்தில், அன்றைக்கே போய்ப் பேசுங்கள்.

பள்ளிப் படிப்போடு எப்படிப் பொருத்துவது

சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் பிள்ளைக்கு 16 என்பது படிவம் 4, அடுத்த வருடம் எஸ்பிஎம், படிவம் 5இல் எழுதும் அரசாங்கத் தேர்வு. புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளை என்றால் அப்போது படிவம் 3. பையனுக்கு 18 வரும்போது பெரும்பாலும் எஸ்பிஎம் முடிந்திருக்கும், அந்த விதத்தில் அவனுக்குக் கொஞ்சம் சுலபம். சீனியர் கனவும் எஸ்பிஎம் தேர்வும் அடுத்தடுத்த வருடம் வரும் என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள், அப்போது வந்து அதிர வேண்டியதில்லை.

வகுப்பில் சேர்க்கும் நாளில் கேட்க வேண்டியவை

அக்காவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். என் பிள்ளை பிறந்த வருடத்துக்கு இப்போது எந்தப் பிரிவு, அடுத்த மூன்று வருடத்துக்கு எந்தப் பிரிவு என்று கேளுங்கள், இதற்கு உடனே பதில் சொல்லும் பயிற்சியாளர் விதியைப் படித்தவர். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஓய்வு நாள் எது. காயம் பட்டால் யார் முடிவு செய்வது, டாக்டரா பயிற்சியாளரா. தரையில் மெத்தை கனமாக இருக்கிறதா, நுரைக்குழி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். கதவை மூடிவிட்டு, பெற்றோர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் அணி மருத்துவராக இருந்த லேரி நாசர் சிறுமிகளுக்குச் செய்த கொடுமை வருடக்கணக்கில் மூடியே கிடந்தது, 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசினார்கள். நம் ஊரில் அப்படி எதுவும் உறுத்தினால் அரசாங்க உதவித் தொலைபேசி தாலியான் காசே எண் 15999, நாள் முழுவதும் எடுப்பார்கள், அதைப் போனில் பதிந்து வையுங்கள்.

அக்கா சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனார். ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் கடைவீதி நெரிசலுக்கு முன் போய்விடலாம். பையில் என்ன வைப்பது என்று முந்தின இரவு வந்து கேட்டார். தண்ணீர், சின்னத் துண்டு, முடி கட்ட இரண்டு ரப்பர், வாழைப்பழம், அப்புறம் பிளாஸ்டிக் உறையில் பிறப்புப் பத்திரத்தின் நகல், மைகிட்டின் நகல், இரண்டிலும் பேர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று என் சமையலறை விளக்கில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். இருந்தது. உறைக்கு வெளியே பேனாவால் பெரிதாக 2032 என்று எழுதி அனுப்பினேன்.